தனியாக இருக்கிறேன், வீட்டோடு ஆள் வைக்கட்டுமா?

கேள்வி: நங்கநல்லூரில் முதல் மாடி ஃப்ளாட்டில் தனியாக இருக்கிறேன். வயது 73. இரண்டு முழங்காலிலும் தேய்மானம், பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன். சமையலை நானே பார்த்துக்கொள்வேன். பெருக்கித் துடைப்பதும் பாத்ரூம் கழுவுவதும்தான் முடியவில்லை. பல வருஷமாக வேலைக்கு வந்துகொண்டிருந்த அம்மா ஊரோடு போய்விட்டார். ஏஜென்சி மூலம் வீட்டோடு தங்கும் ஆளை வைக்கச் சொல்கிறாள் பெங்களூரில் இருக்கும் மகள். மாதம் 20,000 ரூபாய், அது போக ஒரு மாதச் சம்பளம் கமிஷன், இன்னொரு மாதம் டெபாசிட் என்கிறார்கள். வைத்துக்கொள்ளலாமா?

பதில்: இப்போது வேண்டாம் அம்மா. உங்களுக்குத் தேவைப்படுவது தினம் ஒன்றரை மணி நேர உதவி. அதற்கு 24 மணி நேர ஆளை வைத்தால் பணமும் போகும், உங்கள் காலில் இருக்கிற தெம்பும் போகும்.

வீட்டு வேலையில் மூன்று அசைவுகள்தான் இந்த வயதில் ஆபத்து: குனிவது, தூக்குவது, ஏறுவது. இந்த மூன்றையும் கைமாற்றிவிடுங்கள், மற்றதையெல்லாம் விடாதீர்கள். சமையல், துணி மடிப்பது, மேஜையில் உட்கார்ந்து விளக்கு துலக்குவது, தபால்காரருக்குக் கதவு திறக்க எழுந்து போவது எல்லாமே உங்கள் தொடைத் தசைக்கு வேலை. வீட்டோடு இருக்கும் ஆள் நல்லெண்ணத்தில்தான் “நீங்க உக்காருங்கம்மா” என்பார். அப்படியே உட்கார்ந்துவிட்டால் சில வாரங்களிலேயே தொடைச் சதை வற்றத் தொடங்கும். பிறகு நாற்காலியிலிருந்து எழுவதற்கே கை கொடுக்க ஆள் வேண்டியிருக்கும்.

கால் எப்படி இருக்கிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். பக்கத்து வீட்டு அம்மாவைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். சுவரை ஒட்டிப் போட்ட, கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்காருங்கள். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு எழுந்து நில்லுங்கள், திரும்ப உட்காருங்கள். 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்தீர்கள் என்று அவர் எண்ணட்டும். உங்கள் வயதுப் பெண்ணுக்குப் பத்துக்குக் குறைந்தால் விழும் வாய்ப்பு அதிகம் என்று பொருள். அப்படி வந்தால் முதலில் பார்க்க வேண்டியது பிசியோதெரபிஸ்டை, ஏஜென்சியை அல்ல. கிண்டியில் 2024-ல் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனையில் இதைக் காட்டலாம். அங்கே போனால் இன்னொன்றும் கேளுங்கள்: படுத்திருக்கும்போது ஒரு முறை, எழுந்து நின்று மூன்று நிமிஷத்துக்குள் ஒரு முறை பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் மாத்திரையைச் சரிசெய்ய வேண்டியிருக்கலாம். குனிந்து பெருக்கி நிமிரும்போது கண் இருட்டுவதற்கு வயசுதான் காரணம் என்று நினைத்துவிடுகிறோம். பல நேரம் காரணம் இந்த இறக்கம்தான். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

இனி வேலைக்கு வரும் அம்மாவிடம் என்ன கேட்பது? “எல்லா வேலையும்” என்று பேசினால் ஒரு மாதத்தில் மனஸ்தாபம் வரும். வேலையைப் பிரித்துச் சொல்லுங்கள்: தினமும் பெருக்கித் துடைப்பது, வாசல் தெளிப்பது, கனமான பாத்திரம் தேய்ப்பது, குப்பையைக் கீழே கொண்டுபோவது. வாரம் இரண்டு நாள் பாத்ரூம். மாதம் ஒரு நாள் ஒட்டடை, மின்விசிறி, பரண். இந்த மாதாந்திர வேலைக்குத் தனியாகப் பணம் கொடுத்துவிடுங்கள். கொடுக்கவில்லையென்றால் நீங்களே ஸ்டூலில் ஏறுவீர்கள். ஆட்களை உங்கள் அப்பார்ட்மென்ட்டிலேயே விசாரியுங்கள். அதே கட்டடத்தில் இரண்டு வீட்டில் வேலை செய்கிறவர் கிடைத்தால் அதைவிட நல்ல சிபாரிசு இல்லை. சம்பளத்தை அவர் கையிலேயே கொடுங்கள். மாதம் இரண்டு நாளாவது சம்பளத்தோடு லீவு கொடுங்கள், சொல்லாமல் நிற்பது குறையும்.

அவர் வராத நாளில் வீடு அப்படியே கிடக்கட்டும். ஒரு நாள் துடைக்காத தரையால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. “இன்னிக்கு மட்டும்” என்று வாளியைத் தூக்குகிற அந்த நாள்தான் ஆபத்தானது. ஏதாவது சிந்திவிட்டால் உட்கார்ந்து துணியால் துடைக்காதீர்கள். நீளக் கைப்பிடி மாப்பை நன்றாகப் பிழிந்து, உள்ளிருந்து வாசல் பக்கமாகப் பின்னோக்கி வாருங்கள், மின்விசிறியைப் போடுங்கள், காய்ந்த பிறகு நடங்கள். ஃபினாயிலை அரை வாளி தண்ணீருக்கு ஒரு மூடிக்கு மேல் ஊற்றினால் வழவழப்பு தரையிலேயே தங்கிவிடும்.

பாத்ரூம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் மோசமாக விழுவது பல நேரம் அங்கேதான். போர் தண்ணீரால் டைல்ஸில் வெள்ளை வெள்ளையாக உப்பு படியும். அதை எடுக்க வண்டியில் விற்கும் ஆசிட்டை வாங்கி ஊற்றுகிறார்கள். மறுநாள் பாசிக்கு பிளீச்சிங் பவுடர். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் சின்னதாக இருக்கிற நம் பாத்ரூமில் அது நுரையீரலை அறுக்கும். கழுவுகிற அம்மாவுக்கும் அதே கதிதான், அவர் உயிரும் உயிர்தான். ஆசிட்டை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு இரண்டு ஸ்பூனை ஒரு மக் வெந்நீரில் கரைத்து ஊற்றி, அரை மணி நேரம் ஊறவிட்டு பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். கருங்கல், மார்பிள் தரையில் மட்டும் ஊற்ற வேண்டாம். பிளீச்சிங் பவுடர் போடுவதானால் வேறொரு நாளில், தரையை நன்றாக அலசிய பிறகு. கழுவிய தரை முழுக்கக் காய்ந்த பிறகே நீங்கள் உள்ளே போக வேண்டும்.

கைப்பிடிக் கம்பி அவசியம். டவல் மாட்டும் கம்பி அதற்கு ஆகாது, உங்கள் எடையைத் தாங்காது. சுவரில் அழுத்தி ஒட்டவைக்கும் ரப்பர் பிடியும் வேண்டாம், என்றைக்குக் கழன்று வரும் என்று சொல்ல முடியாது. ஒன்றரை அங்குலத்துக்கு மிகாத பருமனில் எஃகுக் கம்பி வாங்கி, செருப்பில்லாமல் நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வரும் உயரத்தில் பென்சிலால் குறித்துக் கொடுங்கள். செங்கல் சுவரானால் விரியும் போல்ட் போட வேண்டும். புதுக் கட்டடங்களில் இருக்கும் லேசான பிளாக் சுவருக்கு வேறு வகைப் பிடிப்பு போல்ட் (ஆங்கர்) தேவை. பிளம்பர் சின்ன ஸ்க்ரூவையும் பிளாஸ்டிக் பிளக்கையும் வைத்து முடித்துவிடப் பார்ப்பார். மாட்டி முடித்ததும் அவரையே முழு எடையோடு தொங்கிக் காட்டச் சொல்லுங்கள், பிறகு பணம் கொடுங்கள். தனியாக இருக்கும்போது பாத்ரூமில் உள்தாழ்ப்பாள் போடாதீர்கள். வாசல் கதவின் மாற்றுச் சாவி ஒன்று எதிர் வீட்டில் இருக்கட்டும்.

சமையலறையில் பெரிதாக மாற்ற ஒன்றுமில்லை. அரிவாள்மணையை எடுத்து வைத்துவிட்டு, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து கத்தியால் நறுக்குங்கள். ஐந்து லிட்டர் குக்கருக்குப் பதில் இரண்டு லிட்டர். தினம் எடுக்கும் டப்பாக்கள் இடுப்புக்கும் தோளுக்கும் நடுவில் இருக்கட்டும். மாவுக்கு மிக்ஸி போதும், கிரைண்டர் கல்லைத் தூக்க வேண்டாம். தண்ணீர் கேன் நிரம்பியிருந்தால் 20 கிலோ. கொண்டுவரும் பையனையே ஸ்டாண்டில் ஏற்றச் சொல்லுங்கள், அல்லது கேன் மேல் பொருத்தும் கை பம்பு வாங்குங்கள்.

இப்போது ஏஜென்சி. மகளிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். நீங்கள் கொடுக்கும் 20,000 ரூபாயில் அந்தப் பெண் கைக்கு எவ்வளவு போகிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் பதில் வராது. ஏஜென்சி ஒரு பங்கை மாதாமாதம் பிடித்துக்கொள்ளும், பல இடங்களில் அந்தப் பெண்ணின் ஆதார் அட்டையையும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். இரண்டு மூன்று மாதத்தில் “ஊருக்குப் போகணும்” என்று ஆளை எடுத்து வேறொரு வீட்டில் போட்டுவிட்டு, உங்களுக்குப் புது ஆள், புது கமிஷன் என்று வருவார்கள். டெபாசிட்டைத் திரும்பக் கேட்டால் போனை எடுக்க மாட்டார்கள். “ட்ரெயின்டு நர்ஸ்” என்று அனுப்பும் பலர் எந்தப் பயிற்சியும் பெறாதவர்கள். தவறு அந்தப் பெண்களுடையது இல்லை, நடுவில் நின்று இரண்டு பக்கமும் உறிஞ்சுகிறவர்களுடையது. தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கு 2007-லிருந்து தனி நல வாரியம் இருக்கிறது. இந்த இடைத்தரகர்களை ஒழுங்காகக் கண்காணிக்கத்தான் ஆள் இல்லை.

ஒரே ஒரு சூழ்நிலையில் ஏஜென்சி ஆளை வைக்கலாம்: முழங்கால் அறுவை சிகிச்சையோ இடுப்பு எலும்பு முறிவோ ஆகி வீட்டுக்கு வரும் முதல் நான்கிலிருந்து ஆறு வாரம். அப்போது ராத்திரி பாத்ரூம் போகவும் துணை வேண்டும். அக்கம்பக்கத்தில் அப்படி ஆள் கிடைக்காது. அப்போதும் சில விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள். எத்தனை நாள், தினக்கூலியா மாதச் சம்பளமா, ஆள் மாறினால் மறுபடி கமிஷன் இல்லை என்ற வாசகம், பாதியில் நின்றால் மிச்ச நாளுக்குப் பணம் திரும்பும் என்ற வாசகம், வருபவரின் பெயரும் அடையாள அட்டை நகலும். கமிஷனைப் பணமாகக் கொடுக்காதீர்கள், வங்கி வழியாக அனுப்பி ரசீது வாங்குங்கள். டெபாசிட் கேட்டால் வேறு இடம் பாருங்கள். டிஸ்சார்ஜ் அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் கார்டு நீட்டுகிறவர்களிடம் பேசவே வேண்டாம், அந்த அவசரத்தில் எதற்கும் சரி என்பீர்கள். நாள் முடிந்ததும் ஆளை அனுப்பிவிடுங்கள். “இன்னும் ஒரு மாதம் இருக்கட்டுமே” என்று நீட்டினால் கால் தானாக நடக்கப் பழகாது.

எந்த ஆளாக இருந்தாலும் போலீஸ் வெரிஃபிகேஷனுக்குத் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். படம் ஏற்று, ஓடிபி போடு, ஆன்லைனில் பணம் கட்டு என்று போகிறது அது. தனியாக இருக்கிற முதியவர்களுக்குத்தான் இது அதிகம் தேவை, அவர்களால்தான் இதைச் செய்ய முடியாது. ஸ்டேஷனில் ஒரு தாள் விண்ணப்பம் வாங்க என்ன தடை என்று தெரியவில்லை. இதை மகள் பெங்களூரிலிருந்தே செய்து தரட்டும்.

கடைசியாக கேஸ். நிரம்பிய சிலிண்டரில் 14.2 கிலோ கேஸ், இரும்போடு சேர்த்தால் 30 கிலோ வரை வரும். கொண்டுவருகிறவரையே அடுப்போடு இணைத்து, கசிவு பார்த்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். கதவைத் தட்டி “கேஸ் கம்பெனி செக்கிங், ட்யூப் மாத்தணும்” என்று யாராவது வந்தால் உள்ளே விடாதீர்கள். கேஸ் புத்தகத்தில் இருக்கும் ஏஜென்சி எண்ணுக்குப் போன் செய்து கேளுங்கள், ஆள் அனுப்பவில்லை என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். ஆரஞ்சு ட்யூபை ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை மாற்றத்தான் வேண்டும், அதை ஏஜென்சியில் ரசீதோடு வாங்குங்கள். கசிவு வாசனை வந்தால் 1906 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

டெலிவரியின்போது ஒரு குறியீட்டு எண் போனில் வரும், அதைச் சொன்னால்தான் சிலிண்டர். இணைப்பு இன்னும் குடும்பத்தில் இறந்துபோனவர் யாராவது பெயரில், வேறு போன் எண்ணில் இருந்தால் அந்தக் குறியீட்டு எண் உங்களுக்கு வராது. பெயர் மாற்றத்துக்கு இறப்புச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம், உங்கள் ஆதார் இவற்றோடு ஏஜென்சிக்குப் போக வேண்டும். கேட்ட தாளையே மறுபடி கேட்டு அலைக்கழிப்பார்கள். என்னென்ன தாள் வேண்டும் என்பதை முதல் நாளே அவர்கள் கையெழுத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பெயர் மாறும்வரை காத்திருக்காமல் போன் எண்ணை மட்டும் உடனே உங்களுடையதாக மாற்றச் சொல்லுங்கள்.