ஈசிஆர் வீட்டில் நீச்சல் குளம்: கொட்டேஷன் 12.5 லட்சம், கையை விட்டுப் போவது எவ்வளவு?

கேள்வி: ஈஞ்சம்பாக்கத்தில் இரண்டு கிரவுண்டில் எங்கள் தனி வீடு. பின்பக்கக் காலி இடத்தில் 24 அடி நீளம், 12 அடி அகலம், 4.5 அடி ஆழத்தில் நீச்சல் குளம் கட்ட ஒப்பந்ததாரர் 12.5 லட்சம் கேட்கிறார். பாதித் தொகையை முன்பணமாகக் கொடுத்தால் அடுத்த வாரமே வேலையைத் தொடங்குவாராம். வங்கியில் 22 லட்சம் எஃப்டி இருக்கிறது. வீட்டுக் கடன் பாக்கி 31 லட்சம், வட்டி 8.5%. மகள் ஒன்பதாம் வகுப்பு, மகனுக்கு ஒன்பது வயது. எஃப்டியை உடைக்கலாமா, வீட்டுக் கடனுக்கு மேலேயே கூடுதலாகத் தரும் டாப்-அப் கடன் வாங்கலாமா? குளத்தால் வீட்டின் விலை ஏறுமா?

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். விலை ஏறாது. சென்னையில் தனி வீட்டுக்கு வருபவர்கள் பெரும்பாலும் மனைக்குத்தான் விலை பேசுகிறார்கள். நாளைக்கு உங்கள் மனையில் ஃபிளாட் கட்டிப் பங்கு பிரித்துக்கொள்ளும் ஜாயின்ட் வென்ச்சருக்கு ஒரு பில்டர் வந்தால் முதலில் இடிப்பது வீட்டையும் குளத்தையும்தான். ஆகவே இதை முதலீடு என்ற கணக்கில் எழுதாதீர்கள். குடும்பத்தின் சந்தோஷத்துக்கான செலவு இது. அந்தச் செலவைத் தாங்க முடியுமா என்று மட்டும் பார்ப்போம்.

12.5 லட்சம் என்பது தொட்டி, டைல்ஸ், ஃபில்டர், பம்ப் ஆகியவற்றுக்கான விலையாகத்தான் இருக்கும். கொட்டேஷனின் கடைசிப் பக்கத்தில் ‘வரி தனி’ என்று இருக்கிறதா பாருங்கள். பொருளும் கூலியும் சேர்ந்த ஒப்பந்த வேலைக்கு ஜிஎஸ்டி 18%, அதாவது 2.25 லட்சம். அதோடு 14.75 லட்சம் ஆகிவிடும். இதற்குமேல், தோண்டும்போது ஊறும் தண்ணீரை இறைப்பது, மணல் சரியாமல் தடுப்பது, மண்ணை அப்புறப்படுத்துவது ஆகியவற்றுக்கு ஒரு லட்சமாவது வையுங்கள். சுற்றிலும் 3 அடி நடைபாதை போட்டால் 252 சதுர அடி வரும், அதற்கு 75 ஆயிரம். வேலிக்கும் மூடிக்கும் 1.25 லட்சம். தனி மின் இணைப்பு, எர்த்திங், மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, 12 வோல்ட் விளக்கு எல்லாவற்றுக்கும் 50 ஆயிரம். எதிர்பாராத செலவுக்கு ஒப்பந்தத் தொகையில் 10%. கூட்டினால் 19.5 லட்சம். உங்கள் எஃப்டியில் மீதி நிற்பது இரண்டரை லட்சம்தான்.

பராமரிப்புக்கு வருவோம். இந்தக் குளம் 1,296 கன அடி, சுமார் 36,700 லிட்டர் பிடிக்கும். 12,000 லிட்டர் லாரி மூன்று வந்தால்தான் நிறையும். ஆறு மணி நேரத்தில் தண்ணீர் முழுவதும் ஒருமுறை ஃபில்டர் வழியாகப் போய்வர 1 ஹெச்பி பம்ப் போதும். தினமும் ஆறு மணி நேரம் ஓடினால் மாதம் 180 யூனிட். இரண்டு மாத ஈபி பில்லில் இது 360 யூனிட். ஏசி ஓடும் வீட்டில் இந்த யூனிட்டெல்லாம் மேல் ஸ்லாபில்தான் விழும். யூனிட்டுக்கு 10 ரூபாய் என்று வைத்தாலும் மாதம் 1,800. சென்னை வெயிலில் நாளுக்கு 6 மில்லி மீட்டர் ஆவியானால் 160 லிட்டர், மாதத்துக்கு 4,800 லிட்டர். ஃபில்டரைக் கழுவ வாரம் ஒருமுறை தண்ணீரை எதிர்த் திசையில் விடும் பேக்வாஷையும் சேர்த்தால் ஏறக்குறைய 7,000 லிட்டர். இதற்கு ஆயிரம் ரூபாய். குளோரின் மாத்திரை, ஆசிட், சோடா ஆஷ் 3,000. வாரம் இரண்டு முறை வந்து சுத்தம் செய்பவருக்கு 4,500. ஃபில்டர் மணல், பம்ப், டைல்ஸ் இடுக்குப் பூச்சு இவையெல்லாம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியவை. அதற்காக மாதம் 3,000 ஒதுக்கி வையுங்கள். ஆக மாதம் 13,300 ரூபாய்.

இதோடு முடியவில்லை. 19.5 லட்சம் குளத்தில் முடங்குகிறது. அதே பணத்தை வீட்டுக் கடனில் கட்டினால் 8.5% வட்டி மிச்சமாகும். ஆண்டுக்கு சுமார் 1.66 லட்சம், மாதம் 13,800. 7% தரும் எஃப்டி, 30% வரி வரம்பில் இருப்பவருக்கு 4.8%தான் கையில் தரும் என்பதால், ஒப்பிட வேண்டியது எஃப்டி வட்டியோடு அல்ல, கடன் வட்டியோடுதான். இரண்டையும் சேர்த்தால் குளத்தின் மாதச் செலவு 27,100, ஆண்டுக்கு 3.25 லட்சம். ஆண்டில் 100 நாள் நீந்தினால் நாள் ஒன்றுக்கு 3,250 ரூபாய். இந்த எண்ணை வீட்டில் எல்லோரிடமும் சொல்லி, பிறகு கேளுங்கள்.

டாப்-அப் கடன் என்றால்? 15 லட்சத்தை 9% வட்டியில் ஏழு ஆண்டுக்கு வாங்கினால் மாதத் தவணை 24,134, வட்டி மட்டும் 5.27 லட்சம். புதிய வரி முறையில் சொந்தக் குடியிருப்புக் கடன் வட்டிக்குக் கழிவும் கிடையாது. மகள் கல்லூரிக்குப் போக நான்கு ஆண்டுகள்கூட இல்லை. ஏழு ஆண்டுத் தவணை முதல் செமஸ்டர் கட்டணத்தோடு மோதும். பர்சனல் லோன் பக்கமே போகாதீர்கள். இன்றைய நிலையில் 19.5 லட்சக் குளம் உங்களுக்கு வேண்டாம் என்பதே என் கருத்து. ஆறு மாத வீட்டுச் செலவையும் மகளின் படிப்புப் பணத்தையும் தனியே ஒதுக்கிய பிறகு மிஞ்சுவதில் கட்ட முடிந்தால் மட்டும் கட்டுங்கள்.

16 அடிக்கு 8 அடி, 4 அடி ஆழம் என்று சுருக்கினால் தண்ணீர் 14,500 லிட்டராகிவிடும். பிள்ளைகள் விளையாட அது தாராளம். ஆனால் விலை பாதியாகும் என்று நினைக்காதீர்கள். ஃபில்டர், பம்ப், மின் வேலை, வேலி இவை அளவோடு சேர்ந்து குறைவதில்லை. மருந்தும் தண்ணீரும் கண்டிப்பாகக் குறையும்.

உங்கள் பகுதியில் பணத்தை விழுங்கக்கூடியது மண்ணுக்குள் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் ஈசிஆர் மணலில் நீர்மட்டம் மேலே வந்துவிடும். உங்கள் குளத்துக்கு 9 அங்குலச் சுவரும் 8 அங்குலத் தளமும் போட்டால், தொட்டி வெளிப்புறமாக 1,780 கன அடி இடத்தைப் பிடிக்கும். நிலத்தடி நீர் தரை மட்டம்வரை ஏறினால் அடியிலிருந்து 50 டன் விசை மேலே தள்ளும். கான்கிரீட்டின் எடை 34 டன், பூச்சும் டைல்ஸும் சேர்த்தாலும் 40 டன்னைத் தொடாது. சுத்தம் செய்யவென்று கார்த்திகையில் குளத்தைக் காலி செய்தால், நீர்மட்டம் தரையிலிருந்து ஓர் அடிக்குள் வந்ததுமே தொட்டி படகுபோல் கிளம்பப் பார்க்கும். குழாய் இணைப்பு முறியும், தளம் விரியும், செலவழித்தது அத்தனையும் போகும்.

இதற்கு மருந்து கட்டும்போதே உண்டு. அடித்தளத்தைச் சுவருக்கு வெளியே நான்கு பக்கமும் 1.5 அடி நீட்டச் சொல்லுங்கள். அதன்மேல் உட்காரும் மணல், தண்ணீரில் மூழ்கியிருந்தாலும் 15 டன்னுக்கு மேல் அழுத்திப் பிடிக்கும். இதற்குக் கூடுதலாகத் தேவைப்படும் கான்கிரீட் 84 கன அடிதான். வெளியே நீரழுத்தம் ஏறினால் திறந்து நிலத்தடி நீரைக் குளத்துக்குள் விடும் நீரழுத்த வால்வு ஒன்றும் தளத்தில் வைக்கச் சொல்லுங்கள். ஐப்பசி முதல் தை வரை குளத்தைக் காலி செய்யவே கூடாது. மழைநீர் சேகரிப்புக் கிணறு குளத்தை ஒட்டி இருந்தால், அதுவே அந்த இடத்தில் நீர்மட்டத்தை ஏற்றும். கட்டமைப்புப் பொறியாளரிடம் இரண்டு நிலைக்கும் வரைபடம் கேளுங்கள்: உள்ளே தண்ணீர், வெளியே மண் இல்லை என்பது ஒன்று. உள்ளே காலி, வெளியே மண்ணும் நீரும் என்பது இன்னொன்று. தோண்டும் ஆழத்துக்காவது சமமான தூரம் பக்கத்து வீட்டுக் காம்பவுண்ட் சுவரிலிருந்து விலகியிருக்கட்டும். இறைக்கும் தண்ணீரோடு மணலும் வந்தால் அந்தச் சுவர் இறங்கிவிடும், நஷ்டஈடு உங்கள் தலையில்.

பம்ப் அறையைப் பள்ளத்தில் வைக்கச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் உங்கள் தெருவில் தண்ணீர் எவ்வளவு நின்றதோ அதற்கு மேலே மேடை கட்டி மோட்டாரை ஏற்றுங்கள். கடலோர உப்புக் காற்றுக்கு ஏணி 316 தர எஃகில் இருக்கட்டும், 304 துருப்பிடிக்கும். தண்ணீரை உறிஞ்சும் அடி வாய் ஒன்று போதாது. மூன்றடி இடைவெளியில் இரண்டு வேண்டும், ஒன்றில் குழந்தை சிக்கினால் உறிஞ்சும் விசை மற்றதற்கு மாறும். வேலியின் உயரத்திலும் தானாகச் சாத்திக்கொள்ளும் கதவிலும் ஒரு ரூபாய்கூடக் குறைக்காதீர்கள். வீடு கடலின் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் இருந்தால் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் குறுக்கே வரும். முன்பணம் கொடுக்கும் முன் அதை எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

பாதித் தொகை முன்பணம் என்பது கூடவே கூடாது. முன்பணம் 10%, தளம் போட்டதும் 20, சுவர் எழும்பியதும் 20, நீர்க்கசிவுச் சோதனை தேறியதும் 15, டைல்ஸ் முடிந்ததும் 15, ஃபில்டரும் பம்பும் சைட்டில் இறங்கியதும் 15, மீதி 5% ஒரு மழைக்காலம் கழித்து. கசிவுச் சோதனையை டைல்ஸ் ஒட்டுவதற்கும் சுற்றி மண் நிரப்புவதற்கும் முன்பே முடிக்க வேண்டும். குளத்தை நிரப்பி, ஒரு வாளியில் தண்ணீர் ஊற்றி உள் படியில் வையுங்கள். ஏழு நாளில் வாளியில் குறைந்த அளவைவிடக் குளத்தில் அதிகமாகக் குறைந்தால் கசிவு இருக்கிறது. எல்லாப் பில்லையும் ஜிஎஸ்டி எண்ணோடு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். வீட்டை விற்கும்போது மூலதன ஆதாயக் கணக்கில் மேம்பாட்டுச் செலவாகக் காட்ட அவை வேண்டும்.

அடுத்த வாரம் கையெழுத்துப் போட வேண்டாம். வரும் நவம்பரில் அந்த இடத்தில் 7 அடிக்கு ஒரு சோதனைக் குழி தோண்டி, மழை விட்ட மறுநாள் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று அளந்து வையுங்கள். அந்த அளவோடு பொறியாளரிடம் வரைபடம் வாங்கி, ஜனவரியில் மூன்று பேரிடம் அதே வரைபடத்துக்கு விலை கேளுங்கள். தோண்டும் வேலை மார்ச்சில் தொடங்கினால் செப்டம்பருக்குள் தண்ணீர் நிரப்பிவிடலாம்.