வெளியிலிருந்து வந்த பயிர்ப்பூச்சியைத் தடுக்க உள்ளாட்சி ஏன் காசு கொடுக்க வேண்டும்?

பூச்சி துறைமுகம் வழியாக உள்ளே வந்தது, அதைப் பிடிக்காமல் விட்டது மேலே இருப்பவர்கள், அப்புறம் தனிமைப்படுத்தல் செலவு மட்டும் ஏன் உள்ளாட்சி தலையில் என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கோபம்தான். இப்படிப்பட்ட திட்டங்களுக்குக் கணக்கு எழுதியவன் என்ற முறையில் என் பதில்: கொடுக்கலாம், ஆனால் முழுச் செலவையும் அல்ல.

பூச்சி கண்ட இடத்தைச் சுற்றி, பழம் வெளியே போகக்கூடாது என்று தடை வட்டம் போடுவது பெரும்பாலும் வட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்காக. உள்ளே இருப்பவர் தோட்டத்துக்குப் பூச்சி ஏற்கெனவே வந்தாயிற்று. பழத்தை வெளியே அனுப்ப முடியாமல் தவிப்பவரும் அவர்தான். அவருடைய வரிப்பணத்திலேயே எல்லாவற்றையும் செய்யச் சொல்வது, வீடு பற்றி எரிகிறவனிடம் தீயணைப்பு வண்டிக்கு வாடகை கேட்பது மாதிரி.

இதை ஓரளவு ஒழுங்காக யோசித்தவர்கள் ஆஸ்திரேலியர்கள். 2005-இல் மத்திய அரசும் மாநில அரசுகளும் விவசாயிகள் அமைப்புகளும் சேர்ந்து ஓர் ஒப்பந்தம் போட்டன. பூச்சிகளையும் நோய்களையும் நான்கு வகையாகப் பிரித்தார்கள். காட்டுக்கும் பொதுமக்களுக்கும் பெரும் கேடு தருவது என்றால் ஒழிப்புச் செலவு நூறு சதவீதமும் அரசுடையது. அடுத்தடுத்த வகைகளில் அரசின் பங்கு 80, 50 என்று குறைந்து, கேடு பெரும்பாலும் வியாபாரத்துக்கு மட்டும்தான் என்றால் 20 சதவீதத்தில் வந்து நிற்கும். மீதி அந்தப் பயிர்க்காரர்கள் பொறுப்பு. பூச்சி வந்த பிறகு உட்கார்ந்து பேரம் பேச வேண்டியதில்லை என்பதே இதில் எனக்குப் பிடித்தது.

சரி, உள்ளாட்சி எதற்குக் கொடுக்கலாம்? என்னைக் கேட்டால், பொறி பார்ப்பதற்கு. கீழை பழ ஈக்கு வைக்கும் பொறியைப் பார்த்திருக்கிறீர்களா? கூடாரம் போல மடித்த அட்டை, அடியில் ஒட்டும் தாள், நடுவில் மெத்தில் யூஜினாலில் நனைத்த திரி. வாசனைக்கு ஆண் ஈ வந்து ஒட்டிக்கொள்ளும். அட்டைக்கு ஆகும் காசு பெரிதல்ல. வாரம் தவறாமல் மரம் மரமாகப் போய்ப் பார்க்கும் ஆளின் சம்பளமும் பெட்ரோலும்தான் செலவு. தூசியும் எறும்பும் அப்பிய தாளில் கிடப்பது வழக்கமான ஈயா, புதிதாக வந்ததா என்று இறகுக் கோட்டைப் பார்த்துச் சந்தேகப்படத் தெரிந்தவராகவும் அவர் இருக்க வேண்டும். எந்தக் கொல்லையில் எந்த மரம் நிற்கிறது என்பது உள்ளூர் அலுவலகத்துக்குத்தான் தெரியும். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் பல கவுண்டிகளின் (நம்மூர் மாவட்டம் மாதிரி) வேளாண் அலுவலகங்கள் இந்த வேலையைச் செய்கின்றன. மாநில அரசு ஒப்பந்தப்படி அதற்குப் பணம் கொடுக்கிறது.

பணம் எந்தத் தேதியில் வருகிறது என்பது தொகையைவிட முக்கியம். பழ ஈ விஷயத்தில், கடைசி ஈ சிக்கிய பிறகு மூன்று தலைமுறைக் காலம் இன்னொன்று சிக்காமல் இருந்தால்தான் தடையை நீக்குவார்கள். வெயிலில் ஒரு தலைமுறை சில வாரங்களில் முடிந்துவிடும். குளிரில் மாதக்கணக்கில் இழுக்கும். நிதியாண்டுக்கு இதெல்லாம் தெரியாது. நான் கணக்கு எழுதிய ஒரு திட்டத்தில் ஆண்டுக் கடைசியில் மீதிப் பணத்தைத் திருப்பி அனுப்பச் சொன்னார்கள். புது ஒதுக்கீடு வரும்வரை திரி மாற்ற ஆளில்லை. பொறிகள் என்னவோ வாசனை போன திரியோடு மரத்தில் தொங்கிக்கொண்டுதான் இருந்தன. ஈ சிக்கவில்லை என்று அந்த மாத அறிக்கையும் போனது!

இழப்பீட்டையும் இதோடு சேர்த்தே பேச வேண்டும். இத்தாலியின் பூலியாவில் 2013-இல் ஆலிவ் மரங்களைக் காய வைக்கும் சைலெல்லா பாக்டீரியா தெரியவந்தது. நோய் கண்ட மரத்தைச் சுற்றி நூறு மீட்டருக்குள் அது தொற்றக்கூடிய நல்ல மரங்களையும் வெட்ட வேண்டும் என்றது ஐரோப்பிய ஒன்றியம். எதிர்ப்பு கிளம்பி, 2015-இல் அரசு வழக்கறிஞர்களே வெட்டுவதை நிறுத்தி வைத்தார்கள். விஞ்ஞானிகள் மீதான அவநம்பிக்கைக்கு அதில் பெரிய பங்கு உண்டு. ஆனாலும் காய்க்கிற மரத்தை வெட்டக் கொடு என்றால் யாராக இருந்தாலும் கைக்கு என்ன வரும் என்று கேட்கத்தான் செய்வார்கள். பதில் இல்லையென்றால், அடுத்த தோட்டத்துக்காரர் இலை காய்வதைப் பார்த்தாலும் வாயைத் திறக்கமாட்டார்.

உங்கள் மன்றத்தில் தீர்மானம் வந்தால் மூன்றைக் கேளுங்கள்: மேலிருந்து எத்தனை சதவீதம் என்று எழுத்தில் இருக்கிறதா, மீதிப் பணம் அடுத்த ஆண்டுக்கு வருமா, வெட்டிய மரத்துக்கு எத்தனை நாளில் காசு. இழப்பீட்டுக்கு நாள் குறிக்காமல் வந்தால் நானாக இருந்தால் கை தூக்கமாட்டேன்.