இடுப்புக்குழி ஆர்த்ரோஸ்கொப்பி: முற்பணம் கட்டலாமா?

கேள்வி: மகளுக்கு 19 வயது, வலைப்பந்தாட்ட வீராங்கனை. எட்டு மாதமாகத் தொடை இடுக்கில் நோவு. இடுப்புக்குழியின் விளிம்புச் சவ்வான லேப்ரம் கிழிந்திருப்பதாக எம்.ஆர்.ஐ. சொல்கிறது. எக்ஸ்ரே அறிக்கையில் ‘குழி ஆழம் குறைவு, சென்டர் எட்ஜ் கோணம் 17 பாகை’ என்றிருக்கிறது. தனியார் வைத்தியசாலை ஒன்று ஆர்த்ரோஸ்கொப்பிக்கு (சிறு துளை வழியே கமராவை விட்டு மூட்டுக்குள் செய்யும் சத்திரசிகிச்சை) மதிப்பீடு தந்து முற்பணம் கேட்கிறது. கட்டலாமா?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: இப்போதைக்கு வேண்டாம். கிழிசலைவிட முக்கியம் அந்த 17தான். தொடை எலும்பின் தலையைக் குழியின் கூரை எவ்வளவு மூடியிருக்கிறது என்பதை அந்தக் கோணம் காட்டும். 25க்கு மேல் என்றால் பொதுவாகச் சரி, 20க்குக் கீழ் என்றால் குழி ஆழமில்லை, இடைப்பட்டது இழுபறி. கூரை கட்டையானால் பாரம் விளிம்பில் ஏறும். லேப்ரம் கிழிவதும் அதனால்தான். கிழிசலை மட்டும் தைத்தால் அதே பாரம் தையலில் போய் ஏறும். உள்ளே போக வெட்டிய மூட்டுறையைத் தைத்து மூடாவிட்டாலோ, விளிம்பு எலும்பைச் சீவினாலோ மூட்டு இன்னும் தளரும்.

ஆனால் முதலில் எக்ஸ்ரேயைச் சரிபாருங்கள். இடுப்பு சரிந்திருந்தால் கோணமும் மாறும். வாலெலும்பின் நுனி முன்புற எலும்புப் பொருத்துக்கு நேர்மேலே, 1 முதல் 3 செ.மீ. தூரத்தில் இருக்கவேண்டும். இல்லையென்றால் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள். சத்திரசிகிச்சைச் செலவோடு பார்த்தால் அது சில்லறைக் காசு.

17 உறுதியானால், குழியையே வெட்டித் திருப்பித் திருகாணி பூட்டும் சத்திரசிகிச்சை பற்றிக் கேளுங்கள். சுவிட்சர்லாந்தின் பேர்ன் நகரில் 1984இல் தொடங்கிய முறை அது. பெரிய வேலைதான், வாரக்கணக்கில் ஊன்றுகோல் வேண்டும். ஆனால் குருத்தெலும்பு தேயாத இள வயதுக்கு அதுதான் காரணத்தைத் தொடுகிறது. இதில் பழக்கமுள்ள இன்னொரு நிபுணரிடம், அறிக்கையை மட்டுமல்ல, படங்களின் சீடியையும் காட்டுங்கள்.

கோணம் சரியாக இருந்து, தொடை எலும்புத் தலையிலுள்ள மேடு குழியின் விளிம்பில் தட்டி லேப்ரம் கிழிந்திருந்தால் ஆர்த்ரோஸ்கொப்பி பொருத்தமானது. அப்போது மதிப்பீட்டில் ஆங்கர் (லேப்ரத்தை எலும்போடு பிடித்துவைக்கும் சிறு ஆணி) எத்தனை, ஒன்று என்ன விலை, மூட்டுறையைத் தைப்பார்களா, பிசியோதெரபி சேர்ந்ததா என்று எழுத்தில் வாங்குங்கள். காலை இழுத்துப் பிடித்துச் செய்வதால் மர்ம இடத்தில் சில நாள் மரத்துப்போகலாம். விளையாட்டுக்குத் திரும்ப நாலு முதல் ஆறு மாதம் பிடிக்கும்.

காப்புறுதி இருந்தால் இன்னொரு பொறி: பிறவிக் குறைபாட்டுக்குப் பணம் தராத ஒப்பந்தங்கள் உண்டு, குழி ஆழமின்மையையும் அதில் சேர்த்துவிடலாம். அனுமதிக் கடிதம் கைக்கு வந்தபின் திகதி குறியுங்கள். அதுவரை பாய்ச்சலும், காலை அகட்டி நீட்டும் பயிற்சிகளும் வேண்டாம்.