பழவேற்காட்டுக் கைலியும் பிராங் பெசார் ரப்பரும்: வாசகர் கேள்வி-பதில்

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்துப் பத்தாங் பெர்ஜுந்தையில் பிள்ளைகளுக்காக நாங்கள் பொது அறிவுப் போட்டி நடத்தி வருகிறோம். ஊருக்கு பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறினாலும் எங்கள் வாயில் பழைய பெயர்தான் வருகிறது. இந்த முறை பிள்ளைகளைவிட, அவர்களை அழைத்து வந்த பெரியவர்களே அதிகம் கேள்விச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அவற்றில் சில.

துணிக்கடையில் "காயின் பெலிக்காட்" என்று கேட்டு வாங்குகிறார்கள். பெலிக்காட் என்றால் கட்டம் போட்டது என்று அர்த்தமா?

"காயின்" என்றால் மலாயில் துணி; காயின் பெலிக்காட் என்பது கட்டம் போட்ட கைலி. பெலிக்காட் ஓர் ஊர்ப் பெயர். சென்னைக்கு வடக்கே, திருவள்ளூர் மாவட்டக் கடற்கரையில் இருக்கும் பழவேற்காடு. ஐரோப்பியர் வாயில் அது புலிகாட் ஆனது, மலாயில் பெலிக்காட் ஆனது. 1511இல் போர்த்துக்கீசியர் மலாக்காவைப் பிடிப்பதற்கு முன்பே சோழமண்டலக் கரையிலிருந்து துணி ஏற்றிய கப்பல்கள் மலாக்காவுக்கு வந்துகொண்டிருந்தன. பிறகு டச்சுக்காரர்கள் 1613இல் பழவேற்காட்டில் கோட்டை கட்டினார்கள். நம் மலாய்த் தீவுகளில் மிளகும் கிராம்பும் வாங்க வெள்ளிக்காசு மட்டும் போதவில்லை. இங்குள்ளவர்கள் விரும்பிக் கேட்டது அந்தக் கரையின் துணியைத்தான். மலாய் வீடுகளில் தொழுகைக்குக் கட்டும் கைலியில் ஒரு தமிழ்க் கடற்கரையின் பெயர் இன்னும் ஒட்டியிருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த விடை இது.

ரொட்டி சானாய், சென்னையிலிருந்து வந்ததால்தானே அந்தப் பெயர்?

நாம் கடையில் சாப்பிடும் அந்த மெல்லிய ரொட்டியைப் பற்றிப் பலரும் அப்படிச் சொல்கிறார்கள். நம்பவும் ஆசையாக இருக்கிறது. ஆனால் மலாயில் "சானாய்" என்றே ஒரு வினை உண்டு. மாவை அழுத்தி மெல்லியதாக விரிப்பதற்கு அந்தச் சொல். கத்தியைத் தீட்டுவதற்கும் அதே சொல்தான். நம் "சாணை பிடிப்பது" நினைவுக்கு வருகிறதா? ஒலியும் பொருளும் இவ்வளவு நெருங்கி நிற்கும்போது நான் சென்னையைவிடச் சாணைக்கல் பக்கம்தான் சாய்வேன். சிங்கப்பூரில் இதையே ரொட்டி பிராத்தா என்கிறார்கள். அது நம் பரோட்டாவின் உறவு.

பி. ரம்லி பெயரில் உள்ள "பி" எதைக் குறிக்கிறது?

புத்தே. மலாய்த் திரைப்பட நடிகரான அவருடைய அப்பாவின் பெயர் அது. நாம் தந்தை பெயரின் முதல் எழுத்தை முன்னால் போடுகிறோமே, அதே வழக்கம். 1929இல் பினாங்கில் பிறந்தவர். கூடவே ஒன்று: அவர் முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த "பக்தி" (1950) படத்தை இயக்கியவர் எல். கிருஷ்ணன் என்ற தமிழர். அடுத்த போட்டியில் இதைக் கேட்கப்போகிறேன், பிள்ளைகள் குறித்துக்கொள்ளவும்.

மலாய்க்குத் தமிழ் கொடுத்த சொற்களில் ஐந்து சொல்லுங்கள், சார். (ஐந்தாம் ஆண்டு மாணவி)

கெடாய் (கடை), கப்பால் (கப்பல்), காத்தில் (கட்டில்), பெத்தி (பெட்டி), கெல்டாய் (கழுதை). வாங்கியதும் உண்டு, அம்மா. மரத்திலிருந்து வடியும் பாலுக்கு மலாயில் "கெத்தா". அதுதான் உங்கள் தாத்தா ரப்பர் மரத்துக்குச் சொல்லும் "கித்தா மரம்".

பாத்தேக் ஓவியம் என்பது துணியில் அச்சடிப்பதுதானா?

அச்சு பாத்தேக்கும் உண்டு, ஆனால் ஓவியம் வேறு. உருக்கிய மெழுகால் கோடு இழுத்தால் அந்த இடத்தில் சாயம் பிடிக்காது. உடைக்கு இருந்த அந்த முறையை 1950களில் சட்டமிட்டு மாட்டும் ஓவியமாக்கியவர் பினாங்கின் சுவா தியான் தெங்.

தென்னமரம் தோட்டத்தில்தான் நாட்டின் முதல் செம்பனை நட்டார்கள் என்கிறார்களே, உண்மையா?

வணிகத்துக்காக நட்டதில் அதுதான் முதல். 1917இல் ஹென்றி ஃபொகொன்னியே என்ற பிரெஞ்சுக்காரர் நம் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில் நட்டார். பெயரில் தென்னை, நட்டது பாமாயில் தரும் ஆப்பிரிக்கச் செம்பனை. இதே மனிதர் மலாயாவை வைத்து எழுதிய நாவலுக்கு 1930இல் பிரான்சின் கொங்கூர் பரிசு கிடைத்தது.

ஆனால் செம்பனை என்றதும் எனக்கு நினைவு வருவது அவரல்ல, எங்கள் அம்மா. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து மரம் வந்ததே தவிர, அதற்குத் துணையான வண்டு வரவில்லை. காற்றே மகரந்தத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்றுதான் அப்போது நினைத்தார்கள். இங்கே அது போதாமல், பெண்களை வேலைக்கு வைத்து, டால்க் பவுடரில் கலந்த மகரந்தத்தைப் பெண்பூக்களில் ஊதச் சொன்னார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்ததும் அம்மா கிளம்பிவிடுவார். திரும்பும்போது புருவமெல்லாம் வெளுத்திருக்கும்.

1981இல் கேமரூனிலிருந்து ஒரு சின்ன வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். செம்பனையின் ஆண்பூ மலர்ந்தால் சோம்பு வாசம் அடிக்கும். கிட்டப்போய் முகர்ந்து பாருங்கள். வண்டு அந்த வாசத்துக்கு வந்து ஆண்பூவிலேயே முட்டையிட்டுப் பெருகும். பெண்பூவும் அதே வாசம் வீசுவதால் அங்கேயும் போய் ஏமாறும். அந்த ஏமாற்றத்தில்தான் காய் பிடிக்கிறது. கையால் ஊதும் வேலை அதோடு போய்விட்டது. வரலாற்றில் வண்டை எழுதும் இடத்தில் அந்தப் பெண்களையும் எழுத வேண்டும்.

புத்ராஜெயா முன்பு தோட்டமாக இருந்ததா?

ஆமாம், பிராங் பெசார் என்ற ரப்பர்த் தோட்டம். மலாயில் "பெரும்போர்" என்று பொருள். முதல் உலகப்போரில் சண்டையிட்டு வந்த பிரிட்டிஷ் வீரர்கள் 1921இல் திறந்தது, அதனால் அந்தப் பெயர். 1990களில் அங்கே புதிய நிர்வாகத் தலைநகர் எழுந்தது. 1999இல் பிரதமர் அலுவலகம் இடம் மாறியது. பிராங் பெசாரிலும் அதை ஒட்டிய தோட்டங்களிலும் தலைமுறைகளாகப் பால்வெட்டிய நம் குடும்பங்கள் டெங்கில் பக்கத்து அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். தலைநகரைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் டெங்கிலுக்கும் ஒரு நடை போய்வாருங்கள்.

பிராங் பெசாரில் ஒட்டுக்கட்டி உருவாக்கிய ரப்பர் ரகங்களுக்கு அதன் முதலெழுத்துகளையே வைத்தார்கள். அதில் பிபி 86 இந்தியா வரை போய்ப் பரவலாக நடப்பட்டது. ஊரில் ரப்பர் வைத்திருக்கும் உறவினர் இருந்தால், பிபி 86 தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள்.