ரமல் கட்டத்தில் ரூபியஸ்: காற்றா, நீரா?

கேள்வி: ஆறு மாதமாக ரமல், அதாவது புள்ளி இட்டுக் குறி பார்க்கும் கலை, பழகி வருகிறேன். அதன் 16 புள்ளி வடிவங்களின் பெயர் தெரியும், கட்டம் போடவும் வரும். பூதங்களில்தான் குழம்புகிறேன். ரூபியஸ் என்ற வடிவம் ஒரு அட்டவணையில் காற்று, இன்னொன்றில் நீர். லெட்டீஷியா ஒன்றில் நெருப்பு, மற்றதில் நீர். போன வாரம் போட்ட கட்டத்தில் ரூபியஸே நீதிபதியாக, அதாவது முடிவு சொல்லும் கடைசி வடிவமாக, வந்து உட்கார்ந்துவிட்டது. எதை வைத்துப் பலன் சொல்வது? நமக்குத் தெரிந்த ஐந்தாவது பூதம், ஆகாயம், இதில் எங்கே போயிற்று?

பதில்: போன வாரக் கட்டத்தைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். ரூபியஸ் நீதிபதியாக வரவே வராது. எங்கோ கை தவறியிருக்கிறது. எங்கே என்று தேடும் வழியைக் கடைசியில் சொல்கிறேன். ஆனால் உங்கள் சந்தேகம் நியாயமானது. ரமல் பழகுகிறவர்களில் பாதிப் பேர் முட்டிக்கொண்டு நிற்கிற இடம் அதுதான். நானும் முதல் இரண்டு வருடம் அட்டவணையை மனப்பாடம் செய்தே காலத்தை ஓட்டினேன். எந்த வடிவம் எந்தப் பூதம் என்று ஒப்பிக்க வரும்; அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியாது.

காரணம், பூதம் வடிவத்தின் பெயரில் இல்லை. வரியில் இருக்கிறது.

ஒவ்வொரு வடிவத்துக்கும் நான்கு வரிகள். மேலிருந்து கீழே நெருப்பு, காற்று, நீர், நிலம். இலேசானது மேலே, கனமானது அடியில். ஒரு வரியில் ஒற்றைப் புள்ளி இருந்தால் அந்தப் பூதம் விழித்திருக்கிறது. இரட்டை இருந்தால் உறங்குகிறது. இரட்டைப் புள்ளி கெட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே அந்தப் பூதம் வேலை செய்யவில்லை, அவ்வளவே. நான்கும் விழித்திருந்தால் வியா, அதாவது வழி. நான்கும் உறங்கினால் பாப்புலஸ், அதாவது திரள். மற்ற 14 வடிவங்களும் இந்த இரண்டுக்கும் இடைப்பட்டவை.

ஒற்றைப் புள்ளியை 1 என்றும் இரட்டையை 2 என்றும் எழுதிக்கொள்வோம். ஒரே ஒரு பூதம் மட்டும் விழித்திருக்கும் வடிவங்கள் நான்கு. லெட்டீஷியா (மகிழ்ச்சி) 1-2-2-2, நெருப்பு. ரூபியஸ் (சிவப்பு) 2-1-2-2, காற்று. ஆல்பஸ் (வெள்ளை) 2-2-1-2, நீர். ட்ரிஸ்டீஷியா (துயரம்) 2-2-2-1, நிலம். இதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமே இல்லை. எண்ணிப் பார்த்தால் கண்ணுக்குத் தெரிகிறது.

அப்படியானால் உங்கள் இரண்டாவது அட்டவணை? அது ராசியிலிருந்து வருகிறது. 1888-இல் லண்டனில் தொடங்கிய கோல்டன் டான் என்ற மறைஞானக் குழு ஒவ்வொரு வடிவத்தையும் ஒரு ராசியோடு சேர்த்துப் பழகியது. அதில் ரூபியஸுக்கு விருச்சிகம், எனவே நீர். ஆல்பஸுக்கு மிதுனம், எனவே காற்று. லெட்டீஷியாவுக்கு மீனம், நீர். ட்ரிஸ்டீஷியாவுக்குக் கும்பம், காற்று. ஒற்றைப் பூதம் விழித்திருக்கும் நான்கு வடிவங்களில் ஒன்றுகூட வரிக்கணக்கோடு ஒத்துப்போகவில்லை பாருங்கள்! ரூபியஸும் ஆல்பஸும் இடம் மாறியே உட்கார்ந்திருக்கின்றன.

இதனால் ஒன்று சரி, ஒன்று தவறு என்று ஆகாது. ராசிக்கணக்கு ஒரு வடிவத்துக்கு வெளியிலிருந்து கொடுத்த முகவரி. எந்தத் திசை, எந்தக் காலம், உடம்பில் எந்த உறுப்பு, ஆள் எப்படிப்பட்டவர் என்ற கேள்விகளுக்கு முகவரி உதவும். ஒரு காரியம் எதனால் நகர்கிறது, எங்கே சிக்குகிறது என்று தெரிய வரிகளைத்தான் படிக்க வேண்டும். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கலக்காதீர்கள்.

இன்னொரு சிறு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். ஆங்கிலத்தில் இதை ஜியோமான்ஸி என்பதால், இது நிலம் என்ற பூதத்தைச் சேர்ந்த கலை என்று சிலர் விளக்குகிறார்கள். அரபு மொழியில் இதன் பெயர் இல்ம் அல்-ரம்ல், மணலின் கலை. மணலில் விரலால் புள்ளி குத்தியதால் வந்த பெயர். 12-ஆம் நூற்றாண்டில் சந்தாயாவின் ஹூகோ இதை அரபியிலிருந்து லத்தீனுக்குக் கொண்டுபோனபோது, நிலத்தால் குறி பார்ப்பதற்கு ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த ஒரு பழைய பெயரைச் சூட்டினார். அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. வாஸ்துவையும் ஃபெங் சுயியையும்கூட ஆங்கிலத்தில் அதே பெயரால் சொல்கிறார்கள். நாம் பேசுவதற்கும் அவற்றுக்கும் தொடர்பு கிடையாது.

இனி இரண்டு பூதங்கள் விழித்திருக்கும் வடிவங்கள். என் பார்வையில் ரமலின் அழகு முழுவதும் இங்கேதான் இருக்கிறது. அரிஸ்டாட்டில் காலத்துக் கணக்குப்படி நெருப்பு வெப்பமும் வறட்சியும் உடையது, காற்று வெப்பமும் ஈரமும், நீர் குளிர்ச்சியும் ஈரமும், நிலம் குளிர்ச்சியும் வறட்சியும். இதை மனத்தில் வைத்துக்கொண்டு கன்ஜங்ஷியோவை, அதாவது சேர்க்கையை, பாருங்கள்: 2-1-1-2. விழித்திருப்பவை காற்றும் நீரும், ஈரமான இரண்டும். ஈரம் ஒட்டும், கலக்கும். அதன் எதிர்வடிவம் கார்சர், அதாவது சிறை: 1-2-2-1. நெருப்பும் நிலமும், வறண்ட இரண்டும். காய்ந்த மாவு உருண்டை பிடிக்காது, இல்லையா? சிறையில் இருப்பது கம்பிகளைவிட இந்த ஒட்டாமைதான்.

அதேபோல் ஃபோர்ச்சூனா மைனர், சிறுபேறு: 1-1-2-2. நெருப்பும் காற்றும், வெப்பமான இரண்டும். மேலே எழும், வேகமாக வரும், வேகமாகவே போகும். ஃபோர்ச்சூனா மேஜர், பெரும்பேறு: 2-2-1-1. நீரும் நிலமும், குளிர்ந்த இரண்டும். மெதுவாக இறங்கி அடியில் தங்கும். மற்றவர் கைகொடுத்துச் சட்டென்று கிடைக்கும் வெற்றி சிறுபேறு என்றும், தன் உழைப்பில் நின்று பெறுவது பெரும்பேறு என்றும் காலங்காலமாகச் சொல்வதற்குக் காரணம் இதில் தெரிகிறது. அரபுப் பெயர்களும் இதையே சொல்கின்றன. பெரும்பேறு உள்ளே வரும் உதவி, சிறுபேறு வெளியே போகும் உதவி.

எல்லாவற்றையும் பூதத்தாலேயே விளக்கிவிட முடியும் என்று நினைத்தால் அக்விசிஷியோவில் அடிபடுவீர்கள். ஆதாயம் என்று பொருள்படும் அது 2-1-2-1: காற்றும் நிலமும். இழப்பைக் குறிக்கும் அமிஷியோ 1-2-1-2: நெருப்பும் நீரும். நெருப்பும் நீரும் ஒன்றையொன்று அழிக்கும், அதனால் இழப்பு என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் காற்றும் நிலமும்கூட எல்லாக் குணத்திலும் எதிரெதிர்தானே, அது எப்படி ஆதாயம்? இங்கே புள்ளிகளின் உருவத்தைப் பார்க்க வேண்டும். ஆதாயம் வாய் மேலே பார்க்க வைத்த இரண்டு கிண்ணங்கள், போட்டது தங்கும். இழப்பு அதே கிண்ணங்களைக் கவிழ்த்து வைத்தது. குறியீடு ஒரு பக்கம், பூதம் ஒரு பக்கம். ஒன்று பேசாத இடத்தில் மற்றது பேசும்.

ரூபியஸ் ஏன் சிவப்பு என்பதற்கு எனக்கு ஒரு ஊகம் உண்டு. பழைய மேற்கத்திய மருத்துவத்தில் காற்றுக்குரிய உடல்நீர் இரத்தம், நீருக்குரியது வெண்ணிறக் கோழை, நிலத்துக்குரியது துயரத்தை உண்டாக்கும் கரும்பித்தம். சிவப்பு காற்றாகவும் வெள்ளை நீராகவும் துயரம் நிலமாகவும் அமைந்திருப்பது அதனோடு பொருந்துகிறது. மகிழ்ச்சி மட்டும் பொருந்தாது. எனவே ஊகம் என்ற அளவிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பயிற்சிக் கட்டத்தை எடுத்துக்கொள்வோம். கேள்வி: நண்பரோடு கூட்டாகத் தொழில் தொடங்கலாமா? எண்ணாமல் 16 வரிசை புள்ளி இட்டோம். மணலோ, தாளோ, கம்பியில் கோத்த பகடைகளோ, எதுவானாலும் சரி. ஒற்றைப்படை 1, இரட்டைப்படை 2. வரிசைக்கு ஒரு வரி, நான்கு வரிக்கு ஒரு வடிவம். இப்படிக் கிடைத்த முதல் நான்கு வடிவங்கள்தான் தாய்கள்: 1-2-2-1 (சிறை), 2-1-2-2 (சிவப்பு), 1-1-2-1 (புவேர், பையன்), 2-2-1-2 (வெள்ளை).

தாய்களின் நெருப்பு வரிகளை மட்டும் வரிசையாக எடுத்தால் முதல் மகள், காற்று வரிகளை எடுத்தால் இரண்டாம் மகள். இப்படியே 1-2-1-2 (இழப்பு), 2-1-1-2 (சேர்க்கை), 2-2-2-1 (துயரம்), 1-2-1-2 (மீண்டும் இழப்பு). மகள்கள் என்பவர்கள் பூதவாரியாகப் பிரித்து அடுக்கிய தாய்கள்தான். இதைக் கவனிக்காமலே பலர் கட்டம் போடுகிறார்கள்.

பிறகு இரண்டிரண்டு வடிவமாக வரிக்கு வரி கூட்டினால் (கூட்டுத்தொகை ஒற்றைப்படையானால் 1, இரட்டைப்படையானால் 2) பேத்திகள்: 1-1-2-1, 1-1-1-1, 1-1-2-2, 1-2-1-1. அவற்றைக் கூட்டினால் வலச் சாட்சி 2-2-1-2 (வெள்ளை), இடச் சாட்சி 2-1-1-1 (நாகத்தின் தலை). சாட்சிகளைக் கூட்டினால் நீதிபதி 2-1-2-1, ஆதாயம்.

அட்டவணைப் படிப்பு இங்கே நின்றுவிடும்: ஆதாயம், தொடங்கலாம். வரிப் படிப்பு இன்னும் உள்ளே போகும். வலச் சாட்சி கேட்பவர். அவரிடம் நீர் மட்டும் விழித்திருக்கிறது. ஆசையும் பாசமும் இருக்கிறது, வேறொன்றும் இல்லை. இடச் சாட்சி எதிர்த்தரப்பு. அங்கே காற்று, நீர், நிலம் மூன்றும் விழித்திருக்கின்றன. கூட்டும்போது என்ன ஆகிறது? நீர் இருவரிடமும் இருந்ததால் 1-உம் 1-உம் சேர்ந்து 2 ஆகி, நீதிபதியில் உறங்கிவிடுகிறது. நட்பு இந்தத் தொழிலை நடத்தப்போவதில்லை. நெருப்பு இருவரிடமும் இல்லை; முன்னின்று இழுக்கும் ஆள் யாருமில்லை. நீதிபதியில் மிஞ்சிய காற்றும் நிலமும் நண்பர் பக்கத்திலிருந்தே வருகின்றன.

எங்கிருந்து என்று இன்னும் மேலே ஏறிப் பார்க்கலாம். நிலத்தின் ஒற்றைப் புள்ளியைப் பிடித்துக்கொண்டு ஏறுங்கள்: நீதிபதி, இடச் சாட்சி, நான்காம் பேத்தி, அங்கிருந்து மூன்றாம் மகள். தாய்களையும் மகள்களையும் வரிசையாக எண்ணினால் அது ஏழாம் வீடு, கூட்டாளியின் வீடு. அங்கே இருப்பது துயரம், நிலம் மட்டுமே விழித்திருக்கும் வடிவம். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நிலம், கட்டடம், அடித்தளம் தொடர்பான கேள்விகளுக்கு இதை நல்லதாகவே சொல்வார்கள். முதலோ இடமோ உழைப்போ, கையில் பிடிக்கக்கூடியது கூட்டாளியிடமிருந்து வருகிறது. ஆனால் அவர் மெதுவானவர், கலகலப்பானவர் அல்ல. காற்றின் புள்ளியைப் பிடித்தால் இரண்டாம் மகளான சேர்க்கையில் போய் முடிகிறது: பேச்சு நடக்கும், ஒப்பந்தம் கூடும். நான் சொல்லக்கூடிய பலன் இதுதான்: ஆதாயம் உண்டு, அது கூட்டாளியின் கையிருப்பால் வரும், பாசத்தை நம்பாமல் எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்த ஏற்றத்துக்குப் புள்ளியின் வழி என்று பெயர். பழைய முறையில் நெருப்பு வரிக்கு மட்டும் செய்வார்கள். நீதிபதியின் தலையில் ஒற்றைப் புள்ளி இல்லாவிட்டால் வழி அடைபட்டது என்று விட்டுவிடுவார்கள். நான்கு வரிக்கும் செய்வதே எனக்குப் பலனளித்திருக்கிறது.

ஆகாயம்? இதில் இல்லை. இந்தக் கலை எடுத்துக்கொண்டது கிரேக்கரின் நான்கு பூதங்களை. அவர்களும் ஐந்தாவதாக ஈத்தரைப் பேசியதுண்டு, ஆனால் அதை வானுலகத்துக்கு ஒதுக்கிவிட்டார்கள். நிலவுக்குக் கீழே நடக்கும் காரியங்களுக்கு நான்கே போதும் என்றார்கள். வியாவையோ பாப்புலஸையோ ஆகாயமாக்கிச் சிலர் எழுதுகிறார்கள். தேவையில்லை, இரண்டும் நிலவுக்குரியவை. ஐந்தாவது வரியைத் திணித்தால் 16 வடிவம் 32 ஆகிக் கணக்கே குலைந்துவிடும்.

இது விளக்கம் சொல்லும் கலை. நிரூபிக்கப்பட்ட அறிவியல் அல்ல. நோய் பற்றிய கேள்விக்கு நான் கட்டம் போடுவதில்லை, நீங்களும் போடாதீர்கள்.

இனி உங்கள் ரூபியஸ் நீதிபதி. தாய்களின் 16 வரிகளையே இடம் மாற்றி அடுக்கியவர்கள் மகள்கள் என்பதால் இரு பக்கமும் ஒற்றைப் புள்ளி வரிகளின் எண்ணிக்கை ஒன்றேதான். எனவே நீதிபதியின் மொத்தப் புள்ளிகள் எப்போதும் இரட்டைப்படையாகவே வரும். வரக்கூடியவை எட்டு வடிவங்கள்: வழி, திரள், சேர்க்கை, சிறை, பெரும்பேறு, சிறுபேறு, ஆதாயம், இழப்பு. மொத்தம் 65,536 கட்டங்கள் சாத்தியம். ஒன்றில்கூட 7 புள்ளி கொண்ட ரூபியஸ் நீதிபதியாக அமராது. முதலில் மகள்களைச் சரிபாருங்கள், வரி மாறி எழுதியிருப்பது அங்கேதான் அதிகம். பிறகு பேத்திகளின் கூட்டலை. தாய்களுக்குப் புள்ளி எண்ணும்போது செய்த தவறை இந்தச் சோதனை காட்டாது. அது கட்டம் முழுக்க ஒரே சீராகப் பரவி, நீதிபதியை இரட்டைப்படையாகவே வைத்திருக்கும். அதனால் புள்ளிக் குறிப்பைக் கிழித்துப் போடாமல் வைத்திருந்தால் மறுபடி எண்ணிப் பாருங்கள்.