விளையாட்டு உதவித்தொகையில் அமெரிக்கா சென்றால் படிப்பிலும் தேற வேண்டுமா?

கட்டாயம் தேற வேண்டும். கல்லூரி அணிக்காக விளையாடும் மாணவரின் கட்டணத்தைப் பல்கலைக்கழகம் முழுதாகவோ ஒரு பகுதியாகவோ ஏற்பதே விளையாட்டு உதவித்தொகை. சிங்கப்பூரின் ஒலிம்பிக் நீச்சல் வீரர் ஜோசப் ஸ்கூலிங் டெக்சஸ் பல்கலைக்கழக அணிக்கு நீந்தியவர் என்பதால் சிங்கப்பூரில் பலருக்கும் இந்த வழி தெரியும். அதன் நிபந்தனைகள்தான் தெரிவதில்லை.

அங்கே கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் முதல் பிரிவில், பட்டத்துக்கான பாடங்களில் இரண்டாம் ஆண்டு முடிவுக்குள் 40 விழுக்காடும் மூன்றாம் ஆண்டுக்குள் 60, நான்காம் ஆண்டுக்குள் 80 விழுக்காடும் முடித்திருக்க வேண்டும். பலர் இடறுவது இங்கேதான். மூன்றாம் ஆண்டில் பொறியியலை விட்டு வணிகவியலுக்கு மாறினால், பழைய பாடங்களில் பல புதிய பட்டத்துக்குக் கணக்கில் வராமல் போகலாம். மதிப்பெண் நன்றாக இருந்தும் போட்டியில் இறங்க முடியாமல் கரையில் உட்கார நேரிடும்.

ஏன் இவ்வளவு கெடுபிடி? இல்லாவிட்டால் மாணவர் என்ற பெயரில் ஆட்டக்காரர்களைக் கூலிக்குப் பிடிப்பார்கள். போட்டிக் காலத்தில் பயிற்சிக்கு வாரம் 20 மணி நேர வரம்பு வைத்திருப்பதும் அதனால்தான் (விமானப் பயணம் அதில் சேராது, அந்த அலுப்பு தனி).

எம்ஆர்டி ரயில் நிலைய நுழைவாயிலை நினைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு வேகமாக ஓடி வந்தாலும் அட்டையில் பணம் இல்லையென்றால் கதவு திறக்காது. ஒவ்வொரு பருவமும் பாடங்களை முடிப்பது அந்த அட்டையில் பணம் நிரப்புவது போன்றது.

தோற்றாலோ காயம்பட்டாலோ பணத்தை உடனே நிறுத்திவிடுவார்கள் என்று சிலர் அஞ்சுகிறார்கள். வழங்கிய காலத்தின் நடுவே அந்தக் காரணங்களுக்காக நிறுத்த விதி இடம் தருவதில்லை. படிப்பில் தவறிப் போட்டித் தகுதியை இழந்தால் நிறுத்தலாம்.