கொலாஜன் டப்பா, வே பவுடர், கொலஸ்ட்ரால் இல்லாத எண்ணெய்: எதற்குக் காசு கொடுக்கிறோம்?

கேள்வி: எனக்கு வயது 46. முகத்தில் சுருக்கம் விழ ஆரம்பித்திருக்கிறது. கொலாஜன் பவுடர் குடித்தால் சரியாகும் என்று தோழி சொல்கிறாள். 250 கிராம் டப்பா 1,400 ரூபாய். நாங்கள் சைவம் என்பதால் ‘தாவரக் கொலாஜன்’ என்று போட்டிருப்பதை வாங்கலாமா? – வாசகி, ஈரோடு

பதில்: இரண்டுமே வேண்டாம் என்பதுதான் என் கருத்து. காரணத்தைச் சொல்கிறேன், முடிவை நீங்கள் எடுங்கள்.

கொலாஜன் ஒரு புரதம். தோல், எலும்பு, குருத்தெலும்பு, தசைநாண் எல்லாவற்றையும் உறுதியாகப் பிடித்து வைத்திருப்பது அதுதான். எந்தப் புரதத்தை எடுத்துக்கொண்டாலும் அது அமினோ அமிலங்களைக் கோத்த சங்கிலி. நம் உடம்பு பயன்படுத்தும் அமினோ அமிலங்கள் 20 வகை. அவற்றை எந்த வரிசையில் கோப்பது என்பதில்தான் ஹீமோகுளோபினும் இன்சுலினும் கொலாஜனும் வேறாகின்றன. கொலாஜனில் மூன்றுக்கு ஒன்று கிளைசின் என்ற அமினோ அமிலம். அப்படிப்பட்ட மூன்று சங்கிலிகள் கயிறு திரித்தாற்போல ஒன்றையொன்று சுற்றிக்கொள்வதால்தான் அதற்கு அந்த உறுதி.

நீங்கள் குடிக்கும் கொலாஜன் இந்த வடிவத்தோடு முகத்துக்குப் போய்ச் சேராது. பவுடர் ஆக்கும்போதே அதைத் துண்டு துண்டாக உடைத்துவிடுகிறார்கள். மிச்சத்தை வயிற்றில் பெப்சினும் சிறுகுடலில் டிரிப்சினும் மற்ற நொதிகளும் வெட்டுகின்றன. ரத்தத்தில் சேருவது தனித்தனி அமினோ அமிலங்களும், இரண்டு மூன்று சேர்ந்த சிறு துண்டுகளும்தான். அவற்றை வைத்து எந்தப் புரதத்தைச் செய்வது என்பதை அந்தந்த செல் தன் மரபணுவில் உள்ள வரிசையைப் பார்த்து முடிவு செய்கிறது. தோலுக்குத்தான் போக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் அங்கே இல்லை.

சர்க்கரை நோயாளிகள் இன்சுலினை ஏன் ஊசியாகப் போட்டுக்கொள்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். இன்சுலினும் புரதம்தான், 51 அமினோ அமிலங்கள் கொண்ட சின்னப் புரதம். விழுங்கினால் குடலில் செரித்துப் போய்விடும். அவ்வளவு சிறிய இன்சுலினுக்கே அந்தக் கதி என்றால் கொலாஜன் எம்மாத்திரம்?

தோலின் ஈரப்பதம் கொஞ்சம் கூடியது என்று சொல்லும் ஆய்வுகள் இருக்கின்றன, அதை மறைக்கவில்லை. ஆனால் அவற்றில் பலவற்றுக்குப் பணம் கொடுத்தது இதை விற்கும் நிறுவனங்களே. மாதாமாதம் 1,400 ரூபாய் கொடுக்க அது போதாது.

சைவம் பற்றிக் கேட்டீர்கள். தாவரங்கள் கொலாஜனை உண்டாக்குவதே இல்லை. கடையில் கிடைக்கும் கொலாஜன் மாட்டுத்தோல், மீன்தோல், எலும்பு போன்றவற்றிலிருந்து எடுப்பது. டப்பாவில் பழுப்பு நிற முக்கோணம் இருக்கிறதா என்று பாருங்கள், அது அசைவக் குறி. பச்சை வட்டம் போட்ட ‘தாவரக் கொலாஜன்’ டப்பாவில் பெரும்பாலும் வைட்டமின் சி, சில தாவரச் சாறுகள், அமினோ அமிலங்கள்தான் இருக்கும். வைட்டமின் சி இல்லாமல் உடம்பு நல்ல கொலாஜனைச் செய்ய முடியாது என்பது உண்மை. ஸ்கர்வி நோயில் ஈறு வீங்கி ரத்தம் கசிவது அதனால்தான். ஆனால் அதற்கு ஒரு நெல்லிக்காயோ கொய்யாவோ போதும். தோலில் உள்ள கொலாஜனை அதிகம் கெடுப்பது வெயில். அந்தப் பணத்தில் ஒரு நல்ல சன்ஸ்கிரீன் வாங்குங்கள்.

கேள்வி: ப்ளஸ் ஒன் படிக்கும் மகன் ஜிம்முக்குப் போகிறான். ஒரு கிலோ வே புரோட்டீன் 3,200 ரூபாய்க்கு வாங்கச் சொல்கிறார் பயிற்சியாளர். 33 கிராம் ஸ்கூப்பில் 24 கிராம் புரதம் என்று போட்டிருக்கிறது. நம்பி வாங்கலாமா? – வாசகர், மதுரை

பதில்: முதலில் தேவையைப் பார்ப்போம். 16 முதல் 18 வயதுப் பையனுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 55 கிராம் புரதம் என்று ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) சொல்கிறது. பளு தூக்கினால் இன்னும் கொஞ்சம் கூடலாம். இதை வீட்டுச் சாப்பாட்டிலேயே எட்டிவிடலாம். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் பொட்டுக்கடலையில் சுமார் 20 கிராம், அதே அளவு சோயா உருண்டையில் 50 கிராமுக்கு மேல்.

இப்போது விலை. உங்கள் டப்பாவில் 30 ஸ்கூப், மொத்தம் 720 கிராம் புரதம். ஒரு கிராம் புரதம் நாலரை ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாக வருகிறது. முட்டை 7 ரூபாய் என்று வைத்தால் கிராமுக்கு ஒரு ரூபாய் சொச்சம். பொட்டுக்கடலை கிலோ 120 என்று வைத்தாலும் 60 பைசாதான்.

‘பருப்புப் புரதம் முழுமையானது இல்லையே’ என்று பயிற்சியாளர் சொல்லக்கூடும். 9 அமினோ அமிலங்களை உடம்பால் செய்துகொள்ள முடியாது, சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும். பருப்பில் மெத்தியோனின் குறைவு, அரிசியில் லைசின் குறைவு. இரண்டையும் சேர்த்தால் ஒன்றின் குறையை மற்றது சரிக்கட்டிவிடும். இட்லியிலும் பொங்கலிலும் நடப்பது அதுதான். இரண்டும் ஒரே வேளையில் இருந்தாக வேண்டும் என்பதுகூட இல்லை, ஒரே நாளில் வந்தால் போதும்.

வே என்பது பால் திரித்துப் பாலாடைக்கட்டி எடுத்த பிறகு மிஞ்சும் தண்ணீரிலிருந்து வடிக்கும் புரதம். நல்ல புரதம்தான், அதில் குறை சொல்ல மாட்டேன். என் கவலை லேபிளில் உள்ள அந்த 24 மேல்தான். புரதத்தை வழக்கமாக நேரடியாக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து 6.25 போன்ற ஓர் எண்ணால் பெருக்குகிறார்கள். அப்படியானால் நைட்ரஜன் உள்ள எதைக் கலந்தாலும் ‘புரதம்’ கூடிவிடும். 2008-இல் சீனாவில் தண்ணீர் கலந்த பாலில் மெலமைன் என்ற, நைட்ரஜன் நிறைந்த தொழிற்சாலை வேதிப்பொருளைச் சேர்த்து இதைத்தான் செய்தார்கள். குறைந்தது ஆறு குழந்தைகள் இறந்தன, சுமார் 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டன. புரோட்டீன் பவுடரில் மெலமைன் கலக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கிளைசின், டாரின் போன்ற, நைட்ரஜன் உள்ள மலிவான பொருள்களைச் சேர்த்து எண்ணை ஏற்றும் வேலை இந்தத் தொழிலில் தெரிந்த விஷயம்.

அதனால் வாங்கியே தீருவது என்றால் சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். எடை அதிகமுள்ளது முதலில் வரும். வேக்குப் பக்கத்திலேயே கிளைசின், டாரின் என்று தனியாக இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். அமினோ அமில அட்டவணை போட்டிருந்தால் லியூசினைத் தேடுங்கள். 24 கிராம் வே புரதத்தில் இரண்டரை கிராம் அளவுக்கு லியூசின் இருக்க வேண்டும். அட்டவணையே இல்லை என்றால் எனக்கு நம்பிக்கை வராது. 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண்ணும் பேட்ச் எண்ணும் பில்லும் கட்டாயம். ஜிம்மிலேயே பில் இல்லாமல் தருவதை வாங்காதீர்கள். அப்புறம் ஏதாவது ஆனால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யும்போது முதலில் கேட்பது அந்தப் பில்லைத்தான்.

ஒன்று மட்டும். தேவைக்கு மேல் வரும் அமினோ அமிலங்களை உடம்பு சேமித்து வைப்பதில்லை. கல்லீரல் அவற்றின் நைட்ரஜனை யூரியாவாக்கிச் சிறுநீரில் அனுப்பிவிடும், மிச்சம் எரிபொருளாகவோ கொழுப்பாகவோ போகும். இரண்டு ஸ்கூப் போட்டால் இரண்டு மடங்கு தசை வராது.

கேள்வி: ‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’ என்று போட்ட சத்துமாவை அப்பாவுக்கு வாங்கினேன். அவருக்கு நீரிழிவு. குடித்தபின் சர்க்கரை ஏறுகிறது, ஏன்? – வாசகி, நாகர்கோவில்

பதில்: பட்டியலில் மால்டோடெக்ஸ்ட்ரின் இருக்கிறதா பாருங்கள். அது ஸ்டார்ச்சை உடைத்துச் செய்த குளுக்கோஸ் சங்கிலி, இனிப்பே தெரியாது. குடலில் மளமளவென்று குளுக்கோஸாகிவிடும். அது இல்லாவிட்டாலும் பொடியாக அரைத்த தானியம் வேகமாகவே செரிக்கும். ‘இதில் சர்க்கரை’ என்ற வரியை விட்டுவிட்டு மொத்த கார்போஹைட்ரேட் வரியைப் பாருங்கள். அப்பாவின் மருத்துவரிடம் அந்த டப்பாவையே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

கேள்வி: ‘கொலஸ்ட்ரால் இல்லாதது’ என்று போட்ட சூரியகாந்தி எண்ணெய்க்கு லிட்டருக்கு 40 ரூபாய் கூடக் கொடுக்கலாமா? – வாசகர், திருச்சி

பதில்: வேண்டாம். கொலஸ்ட்ரால் விலங்குகளின் செல் சவ்வில் இருப்பது. கடலை, எள், தேங்காய், சூரியகாந்தி எதன் எண்ணெயிலும் சொல்லத்தக்க அளவில் இருக்காது, அதைப் போடாத பாக்கெட்டிலும் இருக்காது. ரத்தத்தில் கொலஸ்ட்ராலை ஏற்றுவது நிறைவுற்ற கொழுப்பு; பின்பக்க அட்டவணையில் அது எவ்வளவு என்று பார்த்து வாங்குங்கள். டிரான்ஸ் கொழுப்பு 2022 ஜனவரி முதல் 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம், அந்த வரியையும் பாருங்கள்.